பழைய மோட்டார் சைக்கிள் ‘மிஸ்’ பண்ணுகிறதா? சாமான் வாங்க முன் ஒருக்கால் பாருங்கள்

கற்பிட்டிக் குடாநாட்டின் மணல் நிலத்தில் வெங்காயமும் மிளகாயும் மரக்கறியும் செய்து சீவிக்கும் எமது குடும்பங்களுக்கு மோட்டார் சைக்கிள் ஓர் ஆடம்பரப் பொருளல்ல. விடியமுன் மரக்கறி மூடையைச் சந்தைக்குக் கொண்டு செல்வதும் அதுதான். உரப்பையையும் மண்ணெண்ணெய்க் கானையும் தோட்டத்துக்கு ஏற்றி வருவதும் அதுதான். நடுச்சாமத்தில் காய்ச்சல் கண்ட பிள்ளையைப் புத்தளம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடுவதும் அதுதான். அந்த ஒரு வாகனம் பாலாவிச் சந்தியில் விட்டு விட்டு வெடித்து நின்றுவிட்டால், அன்றைய மரக்கறி வாடிவிடும். அடுத்த கிழமைக் கூலியும் கராஜுக்குப் போய்விடும்.

1990 ஒக்ரோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டு இக்கரைக்கு வந்த முஸ்லிம் குடும்பங்களிற் பெரும்பாலானவை தமது வாகனங்களையும் விட்டு விட்டே வந்தன. மன்னார்த் தீவிலிருந்து படகேறிக் கற்பிட்டியில் இறங்கியவர்களைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. பின்னர் கூலி வேலை செய்தும் நகையை ஈடு வைத்தும் வாங்கியது பழைய வாகனமொன்றைத்தான். ஹொண்டா 50, 90 வகைகள், ஜப்பானில் தபாற்காரர் ஓடிய சிவப்பு நிற எம்.டி.90, இரண்டு சிலிண்டர் கொண்ட சி.டி.125 போன்றவை இன்றும் எமது குடியிருப்புகளில் ஓடுகின்றன. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 இலேயே மீண்டும் திறக்கப்பட்டதனால் பழைய வாகனத்தைக் கைவிடவும் வழியில்லாமற் போனது. ஆகவே, உள்ளதைச் சரியாக வைத்திருப்பதே எமக்குள்ள வழி.

நாம் குடியிருப்புகளுக்குப் போகும்போது அடிக்கடி காண்பது என்னவெனில், எஞ்சின் மிஸ் பண்ணத் தொடங்கியதும் சாமான் மாற்றத் தொடங்கிவிடுகிறார்கள். நுரைச்சோலைப் பக்கத்தில் வெங்காயம் செய்யும் ஒருவர் முதலில் பிளக்கை மாற்றினார். சரிவரவில்லை. கொயில் போய்விட்டது என்றார்கள், கொயில் வாங்கினார். பிறகு காபரேற்றரைக் கழற்றி அதற்குள் இருந்த ஜெற், வாஷர் எல்லாவற்றையும் புதிதாகப் போட்டார்கள். அதற்குள் வெங்காயம் விற்ற காசில் ஒரு பங்கு முடிந்துவிட்டது. கடைசியில், அவருடைய மருமகனின் சிநேகிதனான ஓர் இளம் மெக்கானிக் வந்தான். அவன் சாவி எதையும் கையில் எடுக்கவில்லை. கேள்விதான் கேட்டான்.

“நானா, எந்நேரமும் மிஸ் பண்ணுதா, இல்லாட்டி ஒரு நேரத்திலயா?”

“ஒழுங்கையால திரும்பி ரோட்டுக்கு ஏறேக்கதான் தம்பி கூட.”

“இடப்பக்கம் திரும்பேக்கயா, வலப்பக்கமா?”

அவர் யோசித்துப் பார்த்து, வலப்பக்கம் என்றார். எஞ்சினை ஸ்ராட் செய்து, நின்ற இடத்திலேயே ஹாண்டிலை வலப்பக்கம் திருப்பியதும் எஞ்சின் தடுமாறியது. ஹாண்டிலின் கழுத்தடியில், பல வருடங்கள் திரும்பித் திரும்பி உராய்ந்த வயரொன்று உள்ளே அறுந்து, மேற்தோலில் மாத்திரம் தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு சாண் வயரும் கொஞ்சம் ரேப்பும் போதுமாயிருந்தன.

அந்தக் கேள்விதான் இந்தக் கட்டுரையில் நாம் சொல்ல விரும்பும் விடயமும். எஞ்சின் ‘ஏன்’ மிஸ் பண்ணுகிறது என்பதைக் காண்பதற்கு முன், ‘எப்போது’ மிஸ் பண்ணுகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். ஓடுபவருக்கே அது தெரியும். கராஜில் இருப்பவருக்குத் தெரியாது.

எஞ்சின் ஒழுங்காக வெடிப்பதற்கு மூன்று காரியம் வேண்டும். பெற்றோலும் காற்றும் அளவாகக் கலந்து உள்ளே போக வேண்டும். அந்தக் கலவை கசியாமல் அமுக்கப்பட வேண்டும். சரியான கணத்தில் பிளக்கில் பலமான பொறி விழ வேண்டும். இம்மூன்றில் ஒன்று இடையிடையே தவறுவதையே நாம் மிஸ் பண்ணுகிறது என்கிறோம். முற்றாக நின்றுபோன எஞ்சினில் குற்றத்தைக் கண்டுபிடிப்பது இதிலும் இலகு. வருவதும் போவதுமாக இருக்கும் குற்றம்தான் ஆளை ஏமாற்றும்.

பிளக் சொல்லும் சேதி

முதலிற் பார்க்க வேண்டியது பிளக். காசு செலவில்லை, ஒரு பிளக் சாவி இருந்தாற் போதும். நன்றாக ஓடி, மிஸ் பண்ணிய உடனேயே எஞ்சினை நிறுத்தி, கொஞ்சம் ஆறவிட்டுக் கழற்றிப் பாருங்கள். வீட்டில் நெடுநேரம் சும்மா ஸ்ராட்டில் வைத்துவிட்டுப் பார்த்தால் அது உண்மை சொல்லாது.

முனை தேயிலைச் சாயம் போல மண்ணிறமாக இருந்தால் கலவை சரி. குற்றம் பெரும்பாலும் வேறிடத்தில். காய்ந்த கரி படிந்திருந்தால் பெற்றோல் கூடுகிறது அல்லது காற்றுக் குறைகிறது. சோக் முழுதும் திறபடாமல் இருக்கலாம். எயார் பில்ரர் மண்ணால் அடைபட்டிருக்கலாம். ஈரமும் கறுப்பும் ஒயில் பிசுபிசுப்புமாக இருந்தால் ஒயில் மேலே ஏறுகிறது. அது கொஞ்சம் கவலைக்குரிய சேதிதான். வெள்ளையாக வெந்து போயிருந்தால் பெற்றோல் போதவில்லை, அல்லது எங்கோ காற்றுக் களவாக உள்ளே போகிறது. வெறும் பெற்றோலால் நனைந்து மணத்தால், பொறியே விழவில்லை.

பிளக்கின் இடைவெளி இந்தச் சிறிய ஹொண்டாக்களுக்கு 0.6 முதல் 0.7 மில்லிமீற்றர். அளவுத் தகடு இல்லாதவர்கள் இரும்பு வெட்டும் கைவாளின் அலகை நுழைத்துப் பார்க்கலாம். அதன் தடிப்பு ஏறக்குறைய அவ்வளவுதான். நாட்பட்ட பிளக்கில் முனை தேய்ந்து இடைவெளி கூடிவிடும். கூடினால், சும்மா நிற்கும்போது எஞ்சின் நன்றாகவே ஓடும். மூடை ஏற்றிக்கொண்டு மணலில் இழுக்கும்போது மிஸ் பண்ணும். காரணம், பாரம் கூடும்போது சிலிண்டருக்குள் அமுக்கமும் கூடுகிறது. அந்த அமுக்கத்துக்குள் பொறி பாய்வதற்குக் கூடிய மின் அழுத்தம் தேவை.

இதனாற்றான் பிளக்கை வெளியே எடுத்து எஞ்சினின் இரும்பில் அணைத்து வைத்துக் கிக் அடித்துப் பார்க்கும் சோதனையை முழுதாக நம்பக்கூடாது. வெளிக்காற்றில் பொறி விழுந்தாலும் உள்ளே விழாமற் போகலாம். ஆயினும் செய்து பார்ப்பது நல்லது. நிழலான இடத்தில் செய்யுங்கள். நீலமாக, ‘டிக்’ என்ற சத்தத்துடன் விழுந்தால் நன்று. மெல்லிய மஞ்சள் நூல் போல விழுந்தால் பலமில்லை. பிளக் இருந்த துவாரத்தை ஒரு சீலையால் மூடிவிட்டே கிக் அடிக்க வேண்டும். அதனூடாக வெளிவரும் பெற்றோல் ஆவியில் பொறி பட்டால் தீப்பிடிக்கும். பிளக் இல்லாமல், அதன் வயரை வெறுமனே தொங்கவிட்டுக் கிக் அடிப்பதும் கூடாது. பொறி போக வழியில்லாமற் கொயிலையும், சி.டி.ஐ. உள்ளவற்றில் அந்தப் பெட்டியையும் கெடுத்துவிடும்.

கடற்காற்றின் வேலை

புத்தளத்தில் உப்பு விளைவிப்பதும் இதே வெயிலும் காற்றும்தான். உப்பளத்துக்கு நல்லது எமது வயர்களுக்கு நல்லதல்ல. உள்ளூரில் பத்து வருடம் பழுதில்லாமல் இருக்கும் இணைப்பு, கற்பிட்டியிலோ உடப்பிலோ சில வருடங்களிற் பச்சை பூத்துவிடுகிறது. வயருக்குள் இருக்கும் செம்பை உப்பீரம் தின்பதன் அடையாளமே அந்தப் பச்சைத் தூள்.

பிளக் கெப்பை வயரிலிருந்து திருகிக் கழற்றிப் பாருங்கள். வயரின் நுனி பச்சையாகவோ கறுப்பாகவோ இருந்தால், வயர் நீளம் போதுமானால், அரை சென்ரிமீற்றர் வெட்டி நல்ல செம்பு தெரிந்ததும் மீண்டும் திருகுங்கள். கொயில் சட்டத்தோடு பூட்டப்பட்டிருக்கும் ஆணியடியைக் கழற்றி, துருவைச் சுரண்டி, இரும்பு பளபளத்ததும் இறுக்குங்கள். கொயில் பழுதென்று மாற்றப்பட்ட இடங்கள் சிலவற்றில், அந்த ஆணியடித் துரு மாத்திரமே குற்றமாக இருந்ததை நாம் கண்டிருக்கிறோம்.

மழைக் காலத்திலும் விடியற்காலைப் பனியிலும் மாத்திரம் மிஸ் பண்ணி, வெயில் ஏறியதும் சரியாகிவிட்டால், சந்தேகமே வேண்டாம். பிளக் கெப், வயர் இவ்விரண்டில் ஒன்றில் மின் ஒழுகுகிறது. இரவில் விளக்கெல்லாம் அணைத்துவிட்டு எஞ்சினை ஓடவிட்டுப் பாருங்கள். வெடித்த வயரிலிருந்து இரும்புக்கு நீலப் பொறி பாய்வது கண்ணுக்குத் தெரியும். கையாற் தொட வேண்டாம். 50, 90 வகைகளில் சிலிண்டர் முன்சில்லை நோக்கிப் படுத்திருப்பதால், ஒழுங்கைத் தண்ணீர் நேரே பிளக்கில் அடிக்கிறது. முன் மட்கார்ட்டின் அடியில் ஒரு றப்பர்த் துண்டைத் தொங்கவிட்டாற் பாதித் தொல்லை தீரும்.

சாவிச் சுவிச்சையும் மறக்கக்கூடாது. மக்னெற்றிலிருந்து நேரே மின் எடுக்கும் வகைகளில், சாவியை நிறுத்தும்போது ஒரு வயர் மின்னை இரும்புக்குத் திருப்பிவிட்டு எஞ்சினை அணைக்கிறது. சுவிச்சுக்குள் உப்பீரம் புகுந்தால், சாவி போட்டிருக்கும்போதே அந்த வழியால் மின் கொஞ்சம் கொஞ்சமாக ஒழுகும். அந்த வயரை அதன் இணைப்பிற் கழற்றிவிட்டு ஓடிப் பாருங்கள். மிஸ் நின்றுவிட்டால் குற்றவாளி சுவிச் அல்லது அந்த வயர். அப்படி ஓடும்போது சாவியால் எஞ்சினை நிறுத்த முடியாது. கிளச் பிடி உள்ளவற்றைக் கியரில் வைத்துப் பிரேக் பிடித்து நிறுத்தலாம்; கிளச் பிடி இல்லாதவற்றில் பெற்றோல் குழாயை மூடித்தான் நிறுத்த வேண்டும். ஆகையால் வளவுக்குள்ளேயே செய்து பாருங்கள். பற்றரியிலிருந்து கொயிலுக்கு மின் போகும் வகைகளுக்கு இது பொருந்தாது. அவற்றில் பற்றரி முனைகளையும் பியூஸையும் துடைத்து இறுக்குவதே முதல் வேலை.

பெற்றோலும் மண்ணெண்ணெயும்

காபரேற்றரின் அடிக்கிண்ணத்தில் ஒரு சிறு திருகாணி உண்டு. அதைத் தளர்த்தி, உள்ளே இருப்பதை ஒரு கண்ணாடிப் போத்தலில் பிடித்துச் சிறிது நேரம் அசையாமல் வையுங்கள். தண்ணீர் இருந்தால் அடியில் முத்து முத்தாகத் திரண்டு நிற்கும். துருவும் மணலும் கூட அடியிற் தங்கும். தாங்கியை எந்நாளும் பாதி வெறுமையாக வைத்திருந்தால் இரவுக் குளிரில் உள்ளே ஈரம் பிடித்துத் துருவேறும். 2022 இல் வரிசையில் நின்று பெற்ற பெற்றோலைப் போத்தலிலும் கானிலும் மாதக் கணக்கிற் சேர்த்து வைத்தவர்கள் பலர். அவ்வாறு பழுதடைந்த பெற்றோல் பசை போலாகி ஜெற்றின் நுண்துளையை அடைத்துவிடும். ஜெற்றை வாயால் ஊத வேண்டாம், கம்பியாற் குத்தவும் வேண்டாம். துளை பெருத்தால் பிறகு ஒருநாளும் அளவு சரிவராது. சைக்கிள் பம்பாற் காற்றடித்தாற் போதும்.

தாங்கி மூடியிலும் ஒரு சிறு காற்றுத் துளை இருக்கிறது. அது அடைபட்டால் பெற்றோல் கீழே இறங்காது. ஐந்தாறு கிலோமீற்றர் நன்றாக ஓடி, பிறகு பெற்றோல் முடிந்தது போல இழுத்து மிஸ் பண்ணி நிற்கும். சற்று நேரம் நின்றால் மீண்டும் ஓடும். நின்றவுடன் மூடியைத் திறந்து பாருங்கள். ‘உஸ்’ என்று காற்று உள்ளே இழுபட்டால் காரணம் கிடைத்துவிட்டது. ஓர் ஊசியோடு வேலை முடிந்தது.

எயார் பில்ரரைக் கழற்றி எறிந்துவிட்டு ஓடும் பழக்கம் எம்மிடையே இருக்கிறது. அப்போது எஞ்சின் வேகமாக ஓடுவது போலத் தோன்றும். ஆனால் கலவையில் காற்றுக் கூடி மிஸ் பண்ணும். கற்பிட்டி மணலோ பிஸ்ரனையும் றிங்கையும் அரைத்துவிடும். பஞ்சு வகைப் பில்ரரைச் சவர்க்காரத் தண்ணீரிற் கழுவி, நன்றாக உலரவிட்டு, சில துளி ஒயில் தடவிப் பிழிந்து போடலாம். கடதாசி வகையைக் கழுவக் கூடாது. தட்டித் தூசி போக்குங்கள், முடியாவிட்டால் மாற்றுங்கள்.

மண்ணெண்ணெய் பற்றி எமது வாசகர்களுக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. 1990 யூனில் போர் மீண்டும் மூண்ட பின்னர், யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குப் பெற்றோல் போவது தடைப்பட்டது. அந்தக் காலத்தில் அங்கே மோட்டார் சைக்கிள்கள் மண்ணெண்ணெயிலேயே ஓடின. சிறு போத்தலில் வைத்திருந்த பெற்றோலில் சில துளிகளைக் காபரேற்றருக்குள் விட்டு ஸ்ராட் செய்து, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். அந்தக் கெட்டித்தனத்தை எவரும் மெச்சத்தான் வேண்டும். ஆனால் அந்த எஞ்சின்கள் பட்ட பாடும் பெரிது. குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் ஆவியாகாது. எரியாமல் மிஞ்சுவது பிளக்கில் கரியாகப் படியும், சிலிண்டர் சுவரில் வழிந்து ஒயிலைத் தண்ணீராக்கும். பாரம் இழுக்கும்போது காலந்தப்பி வெடித்துத் தட்டும். பிளக்கை அடிக்கடி கழற்றித் துடைப்பது அங்கே பல் துலக்குவது போலாகிவிட்டிருந்தது. அக்காலத்தில் ஓடியவர்கள் இன்றும் எம்மிடையே இருக்கிறார்கள். பிளக்கைப் பார்த்து எஞ்சினின் சுகம் சொல்வதில் அவர்களுக்குக் கராஜ்காரர் ஈடாகமாட்டார். அயலில் அப்படி ஒருவர் இருந்தால் அவரிடம் கேளுங்கள்.

இன்று அந்தத் தேவை இல்லை. ஆயினும் தோட்டத்து நீர் இறைக்கும் இயந்திரத்துக்கென வாங்கிய மண்ணெண்ணெயில் ஒரு போத்தலைப் பெற்றோலோடு கலந்து மிச்சம் பிடிக்கப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். நீர் இறைக்கும் இயந்திரம் அதற்கென அமுக்கம் குறைத்துச் செய்யப்பட்டது; மோட்டார் சைக்கிள் அப்படியல்ல. 2022 ஓகஸ்ற்றில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக உயர்ந்தபோதே இந்த மிச்சத்தின் பெரும் பகுதி போய்விட்டது. வெளியே வாங்கிய பெற்றோலில் சந்தேகமென்றால், வெள்ளைக் கடதாசியில் ஒரு துளி விட்டு உலரவிடுங்கள். நல்ல பெற்றோல் அடையாளமில்லாமற் போய்விடும். மண்ணெண்ணெய் கலந்திருந்தால் எண்ணெய்க் கறை நிற்கும்.

சூடேறினால் மாத்திரம்

கால் மணி, அரை மணி ஓடிய பின் மிஸ் பண்ணத் தொடங்கி, ஆறியதும் ஒன்றும் நடவாதது போல ஓடினால், முதலில் மேலே சொன்ன தாங்கி மூடியைப் பாருங்கள். அது சரியாயின், கொயிலையோ கொண்டென்சரையோ சந்தேகிக்கலாம். சூட்டில் உள்ளிருக்கும் காப்பு விட்டுக்கொடுக்கிறது. கொண்டென்சர் பழுதானால் பொயின்றின் முகங்களுக்கிடையில் பெரிய பொறி பறக்கும். முகமும் விரைவில் எரிந்து குழிவிழும். பொயின்றின் இடைவெளி இவ்வகைகளில் 0.3 முதல் 0.4 மில்லிமீற்றர். கொயிலைப் புதிதாக வாங்க முன், அதே வகை வைத்திருக்கும் அயலவரிடம் ஒரு மணி நேரத்துக்கு இரவல் வாங்கிப் பூட்டிப் பாருங்கள். இதுவே மிக மலிவான சோதனை.

சி.டி.125 வைத்திருப்பவர்களுக்கு ஒரு வசதி உண்டு. எஞ்சினை ஸ்ராட் செய்தவுடன் இரண்டு சைலன்சர்க் குழாய்களின் அடியிலும் சில துளி தண்ணீர் விடுங்கள். ஒன்றிற் சுருக்கென ஆவியாகி, மற்றதில் அப்படியே நின்றால், நின்ற பக்கத்துச் சிலிண்டர் வெடிக்கவில்லை. இரு பக்கத்துக்கும் கொயிலும் காபரேற்றரும் ஒன்றேயாதலால், ஒரு பக்கம் மாத்திரம் மிஸ் பண்ணினால் அவற்றை முதலிற் குற்றம் சாட்ட வேண்டாம். இரு பிளக்கையும் இடம் மாற்றிப் போடுங்கள். மிஸ்ஸும் பக்கம் மாறினால் பிளக்கே பழுது. மாறாவிட்டால் அந்தப் பக்கத்துக் கெப், வயர், வால்வு.

வால்வு இடைவெளி இறுகிப்போவதை எவரும் கவனிப்பதில்லை, ஏனெனில் சத்தம் வராது. தளர்ந்த வால்வு ‘கிட கிட’ என்று முறையிடும். இறுகிய வால்வு மௌனமாக எரிந்துபோகும். ஹொண்டா 50, 90 வகைகளுக்கு, இரவு முழுதும் ஆறிய எஞ்சினில், அமுக்கும் அடியின் உச்சியில் பிஸ்ரன் நிற்கும்போது 0.05 மில்லிமீற்றர் இருக்க வேண்டும். விடியற்காலை சிரமப்பட்டு ஸ்ராட் ஆகி, மெதுவாக ஓடும்போது தடுமாறினால் இதைப் பார்க்கச் சொல்லுங்கள். பத்து நிமிட வேலை. சாமான் எதுவும் தேவையில்லை.

இவ்வளவும் பார்த்த பின்னும் மிஸ் பண்ணினால், பிளக் துவாரத்தைப் பெருவிரலால் மூடி ஒருவரைக் கிக் அடிக்கச் சொல்லுங்கள். விரலைத் தள்ளி எறியும் அமுக்கம் இருக்க வேண்டும். இலேசாக அடைத்துப் பிடிக்க முடிந்தால், றிங் அல்லது வால்வு கசிகிறது. ஒரு தேக்கரண்டி ஒயிலை உள்ளே விட்டு மீண்டும் பார்த்து, அமுக்கம் கூடினால் றிங் என்றும் கூடாவிட்டால் வால்வு என்றும் சொல்வார்கள். நிமிர்ந்த சிலிண்டருக்கு அது சரி. 50, 90 வகைகளில் சிலிண்டர் படுத்திருப்பதால் ஒயில் ஒரு பக்கமே தேங்கும். ஆகவே அதை நம்பி முடிவெடுக்க வேண்டாம். நீலப்புகையும் ஒயில் படிந்த பிளக்கும் சேர்ந்திருந்தால் றிங்கென்று கொள்ளலாம். இந்தக் கட்டத்தில் எஞ்சினைப் பிரிக்கத்தான் வேண்டும், கராஜுக்குத்தான் போக வேண்டும். போகும்போது, எந்நேரம் மிஸ் பண்ணுகிறது, எதையெதைப் பார்த்தாயிற்று என்பதை ஒரு துண்டில் எழுதிக் கொடுங்கள். பிரிக்க முன் கூலியைப் பேசி முடியுங்கள். கழற்றிய பழைய சாமான்களைத் திருப்பித் தரும்படி முதலிலேயே சொல்லி வையுங்கள்.